முட்டுக்காட்டுத் தளபதி

ராணுவத்தைப் பற்றிப் பேச எனக்கிருக்கும் ஒரே தகுதி, பேசாமல் இருக்க முடியவில்லை என்பதுதான். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தது பரேடு முடிந்ததும் கொடுக்கும் பூரி கிழங்குக்காக. ஒரு பருவத்தில் பூரி நின்று பிஸ்கட் ஆனது, நானும் நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு நான் துப்பாக்கி தூக்கியது கோவளம் கடற்கரையில், பலூன் சுடும் கடையில். கடைக்காரரே மனமிரங்கி ரெண்டு குண்டு கூடப் போட்டுக் கொடுத்தார். பலூன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் முட்டுக்காடு பாலத்தை ஒட்டி நாங்கள் கூடும் டீக்கடையில் பாதுகாப்புத் துறை என்னிடம்தான் இருந்தது. எல்லையில் ஏதாவது நடந்தால் மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே "இப்ப என்ன சார் ஆகும்?" என்பார். எந்தப் படை முன்னால் போகும், டேங்குகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று பெஞ்சில் சிந்திய டீயில் விரலால் கோடு போட்டுக் காட்டுவேன். பையன் வந்து துணியால் துடைத்துவிட்டு வடைத் தட்டை வைப்பான். அத்துடன் அன்றைய போர் முடியும்.

இந்தப் பதவிக்கு முதல் அடி ஜெனரல் சுந்தர்ஜி விஷயத்தில் விழுந்தது. கடைக்கு வரும் பெரியவர் ஒருவர், "அவர் நம்ம செங்கல்பட்டுக்காரர்ப்பா" என்றார். நான் சிரித்தேன். "பேர்லயே ஜி இருக்கு பெரியவரே. குஜராத்தியா இருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னேன். அவர் நூறு ரூபாய் பந்தயம் என்றார். நான் வீராவேசமாக இருநூறு என்றேன். சுந்தர்ஜியின் முழுப்பெயர் கிருஷ்ணசாமி சுந்தரராஜன். பிறந்தது செங்கல்பட்டில், படித்தது தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில். கொளவாய் ஏரிக்கரையில் வளர்ந்து, செங்கல்பட்டிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போய் டிகிரி முடித்த எனக்கு இது தெரியவில்லை என்பதைப் பெரியவர் பணத்தை மடித்துச் சட்டைப் பையில் வைக்கும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

வயிற்றெரிச்சலில் அன்றிரவே சுந்தர்ஜியைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். அப்படித்தான் மெக்கனைஸ்டு பிரிகேட், அதாவது வண்டியேறிப் போகும் காலாட்படைச் சமாச்சாரத்தில் மாட்டிக்கொண்டேன்.

அவர் 1946-ல் மகார் ரெஜிமென்ட்டில் சேர்ந்த காலாட்படை அதிகாரி. அப்படிப்பட்டவர் பின்னாளில் 1-வது கவச டிவிஷனுக்குத் தலைமை ஏற்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் காலாட்படைக்காரர் அவர்தான். 1975-ல் ராணுவத்தை எப்படி மாற்றியமைக்கலாம் என்று ஆராய லெப்டினென்ட் ஜெனரல் கிருஷ்ணா ராவ் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அதில் சுந்தர்ஜியும் இருந்தார். காலாட்படையில் ஒரு பகுதியை வண்டியில் ஏற்றவேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுத்தது. 1979 ஏப்ரல் 2 அன்று அகமத்நகரில் மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி ரெஜிமென்ட் பிறந்தது. அதன் முதல் கர்னலும் அவரே. 1986 பிப்ரவரியில் தரைப்படைத் தளபதி ஆனவர், அந்த ஆண்டின் குளிர்காலத்திலேயே ராஜஸ்தான் பாலைவனத்தில் 'பிராஸ்டாக்ஸ்' என்ற பெரும் பயிற்சியை நடத்தினார். பயிற்சிதான் என்றார்கள்; பாகிஸ்தான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 1987-ன் தொடக்கத்தில் இரண்டு நாடுகளும் எல்லையில் முறைத்துக்கொண்டு நின்றன.

சொந்த ஊர்க்காரர் என்பதற்காக அவரைத் தெய்வமாக்க எனக்கு மனமில்லை. 1984-ல் பொற்கோயில் நடவடிக்கையின்போது மேற்குப் பிராந்தியத் தளபதி அவர்தான். நம் படை இலங்கைக்குப் போனதும் அவர் காலத்தில்தான். யாழ்ப்பாணத்துத் தெருக்களில் டி-72 டேங்கும் பி.எம்.பி. வண்டியும் ஓடியதை டீக்கடைப் பேச்சாக என்னால் பேச முடிவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் வாயை மூடிக்கொள்வேன்.

மற்ற எல்லா விஷயத்திலும் வாய் திறந்தே இருந்தது. டேங்க் மட்டும் இருந்தால் போதாதா, எதற்கு இந்த மெக்கனைஸ்டு படை என்று மாஸ்டர் கேட்டபோது, "டேங்குக்குத் துணைக்கு" என்று ஒரே வரியில் முடித்தேன். பதில் தவறில்லை. ஆனால் அதற்குமேல் எனக்கே அப்போது தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இதுதான். டேங்குக்குள் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் நடப்பது சரியாகத் தெரியாது. பள்ளத்தில் ஒருவன் ராக்கெட் லாஞ்சரோடு படுத்திருந்தால் அவனைக் கண்டுபிடிக்கக் காலாட்படை வேண்டும். காலாட்படையோ நடந்து வரும். டேங்க் அதற்காகக் காத்திருக்காது. லாரியில் ஏற்றினால் மணலில் புதையும், ஒரு குண்டு பட்டால் கதை முடிந்தது. அதனால் டேங்க் போகும் இடமெல்லாம் அதே வேகத்தில் போகிற, இரும்பு போர்த்திய வண்டி தேவைப்பட்டது. நம்மிடம் முதலில் வந்த டோபாஸ், ஸ்காட் வண்டிகள் கிழக்கு ஐரோப்பாவில் செய்தவை; ஆட்களைச் சண்டை நடக்கும் இடத்துக்கு அருகில் கொண்டுபோய் இறக்கிவிடும், அவ்வளவுதான். சோவியத் ரஷ்யா 1967-ல் மாஸ்கோ அணிவகுப்பில் காட்டிய பி.எம்.பி. வேறு சாதி. அது ஆளையும் ஏற்றும், தானும் பீரங்கி பிடித்துச் சண்டை போடும். அதன் அடுத்த அவதாரமான பி.எம்.பி.-2 நம் ஊரில் 'சரத்' என்ற பெயரில் தெலங்கானாவின் மேடக் தொழிற்சாலையில் தயாரானது. அதன் எஞ்சினுக்கு நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஆவடிதான்.

புது ரெஜிமென்ட்டுக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதில்தான் எனக்கு அடுத்த மூக்குடைப்பு. பழைய ரெஜிமென்ட்டுகள் தங்கள் மூத்த பிள்ளையையே தத்துக் கொடுத்தன. சீக்கிய ரெஜிமென்ட், கார்வால் ரைபிள்ஸ், டோக்ரா எல்லாம் தங்கள் முதல் பட்டாலியனைக் கொடுத்தன. மெட்ராஸ் ரெஜிமென்ட் கொடுத்த 1-வது மெட்ராஸ், 18-ஆம் நூற்றாண்டில் கர்நாடக பட்டாலியனாகத் தொடங்கிய படை. அது போய் மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரியின் 1-வது பட்டாலியன் ஆனது. இந்த விவரம் தெரியாமல், மெட்ராஸ் ரெஜிமென்ட் இருக்கும் வெலிங்டன் போய்வந்த கதையைச் சொல்லும்போது, "அங்கதான் 1-வது மெட்ராஸ்காரங்க எனக்கு டீ கொடுத்தாங்க" என்று அளந்துவிட்டிருந்தேன். இல்லாத பட்டாலியன் எனக்கு டீ கொடுத்திருக்கிறது. அதைவிட மோசம், 'பிரிகேட் ஆஃப் தி கார்ட்ஸ்' என்பதை ஒரு பிரிகேட் என்றே நம்பி, அதற்கு ஒரு பிரிகேடியரையும் நானே நியமித்து வைத்திருந்தேன். அது 1949-ல் தொடங்கிய ஒரு ரெஜிமென்ட். அதில் பல பட்டாலியன்கள், பெரும்பாலும் மெக்கனைஸ்டு. அதேபோல் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றாலும் பல பட்டாலியன்கள். ஆனால் 43-வது கவச ரெஜிமென்ட் என்றால் ஒரே ஒரு பட்டாலியன் அளவுதான், 45 டேங்க். பெயர் வைத்தவர்களுக்கு என்னைப் போன்றவர்கள் மீது ஏதோ பழைய பகை இருந்திருக்க வேண்டும்.

2018 ஏப்ரலில் படையே எங்கள் வாசலுக்கு வந்தது. முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் திருவிடந்தை. கல்யாணம் ஆகாதவர்கள் கழுத்தில் மாலையோடு நித்யகல்யாணப் பெருமாளைச் சுற்றும் ஊர். அங்கேதான் டிஃபன்ஸ் எக்ஸ்போ போட்டார்கள். கடைசி நாளான 14-ஆம் தேதி பொதுமக்களுக்கு. அன்று தமிழ்ப் புத்தாண்டு. வீட்டில் மாங்காய்ப் பச்சடி செய்யும் நேரத்தில் பெண்ணையும் இழுத்துக்கொண்டு நான் திருவிடந்தை வெயிலில் வரிசையில் நின்றேன். மனைவி அதை இன்னும் மறக்கவில்லை; ஒவ்வொரு சித்திரை ஒன்றாம் தேதியும் பச்சடியோடு பரிமாறுகிறாள்.

உள்ளே கூட்டம் முழுக்க அர்ஜுன் டேங்கைச் சுற்றி. ஆவடியில் உருவான வண்டி அல்லவா, சென்னைக்காரர்களுக்கு அதன் மீது ஒரு சொந்தம். நான் கூட்டம் இல்லாத பக்கமாகப் போய், தாழ்வாக, கூர்மூக்கோடு நின்ற வண்டி ஒன்றின்மேல் சாய்ந்து, பெண்ணைப் போட்டோ எடுக்கச் சொன்னேன். "இது சின்ன டேங்க்மா. குறுகலான சந்துல போறதுக்கு" என்று விளக்கமும் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற சிப்பாய்க்குத் தமிழ் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"டேங்க் இல்ல சார். பி.எம்.பி. பின்னாடி வந்து பாருங்க."

பின்னாடி போகவில்லை. அங்கே நிழலும் இல்லை, போட்டோவுக்கு ஏற்ற பீரங்கியும் இல்லை. அந்தப் போட்டோ 'டேங்குடன் அப்பா' என்ற தலைப்போடு உறவுக்காரர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் போய்விட்டது. புதுக்கோட்டைச் சித்தப்பா அதை பிரிண்ட் போட்டு மாட்டிவிட்டார். போன் செய்து "சித்தப்பா, அது டேங்க் இல்லை" என்று சொல்ல இன்றுவரை துணிச்சல் வரவில்லை.

பி.எம்.பி. நீந்தும் என்பதைப் படித்த பிறகு எனக்கு மறுபடியும் காய்ச்சல் ஏறியது. 14 டன்னுக்கு மேல் எடை. அது ஆற்றில் இறங்கி, தன் சங்கிலிப் பட்டையையே துடுப்பாகச் சுழற்றி மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஊரிலிருந்து வந்த மச்சானை முட்டுக்காடு படகுத்துறைக்குக் கூட்டிப்போய், பெடல் படகில் உட்காரவைத்து இதை விளக்க ஆரம்பித்தேன். மதியத்துக்கு மேல் கடல்காற்று வீசும் நேரம். "தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி மூக்குல ஒரு பலகையைத் தூக்கி நிறுத்துவாங்க மச்சான், அலை உள்ள வராம. அப்புறம் மூடியெல்லாம் சாத்தி, பம்பை ஓடவிட்டு..." என்று காலால் மிதித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மாமா, நாம பின்னாடி போயிட்டு இருக்கோம்."

திரும்பிப் பார்த்தால் படகுத்துறை எங்கேயோ இருந்தது. அலையாத்திப் புதர் பக்கத்தில் இருந்தது. மிதித்தோம். மச்சான் மிதித்தது ஒரு பக்கம், நான் சுக்கான் திருப்பியது ஒரு பக்கம். படகு நின்ற இடத்தில் சுற்றியது. கடைசியில் மோட்டார் படகில் ஒரு பையன் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கயிறு கட்டி, குடும்பங்களெல்லாம் வேடிக்கை பார்க்க எங்களை இழுத்துக்கொண்டு போனான்.

வழியெல்லாம் நான் மச்சானிடம் சொன்னது 1971 வங்கதேசப் போரைப் பற்றி. டிசம்பரில் மேக்னா ஆற்றைத் தாண்ட நம் பி.டி.-76 டேங்குகள் இறங்கின. அவை நீந்தக்கூடியவைதான். ஆனால் அரை மணி நேரம் நீந்தினால் எஞ்சின் சூடேறிவிடும். மேக்னாவோ கரை தெரியாத அகலம். உள்ளூர்க்காரர்களின் நாட்டுப் படகுகளைக் கட்டி இழுத்துத்தான் அந்த டேங்குகளை அக்கரை சேர்த்தார்கள். "பாத்தியா, ராணுவத்துக்கே இப்படி ஆகியிருக்கு" என்றேன். "அவங்க அக்கரைக்குப் போனாங்க மாமா" என்றான் மச்சான்.

இப்போது வாட்ச்மேன் அண்ணன் விஷயம். இதை எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலுக்கு ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். வேலூர் பக்கம், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகிற ஊர்க்காரர். ஆனால் அது எனக்கு அப்போது தெரியாது, நான் கேட்டதில்லை. சாப்பிட்டுவிட்டு நடக்க இறங்கும்போதெல்லாம் அவர் நாற்காலிக்கு எதிரே நின்று பேசுவேன். டீக்கடையில் மரியாதை குறைந்த பிறகு எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. "மெக்கனைஸ்டு பிரிகேட்னா என்னன்னு தெரியுமாண்ணே?" என்று ஆரம்பித்தேன்.

"சொல்லுங்க சார்."

சொன்னேன். ஒரு வண்டிக்கு ஒரு செக்‌ஷன், செக்‌ஷன்கள் சேர்ந்தால் பிளாட்டூன், அதற்கு மேல் கம்பெனி, பட்டாலியன். ஒரு மெக்கனைஸ்டு பட்டாலியனில் 52 பி.எம்.பி. அப்படிப்பட்ட பட்டாலியன்களோடு ஒரு டேங்க் ரெஜிமென்ட்டையும் சேர்த்து ஒரு பிரிகேடியர் கையில் கொடுத்தால் மெக்கனைஸ்டு பிரிகேட். சமவெளியில் சண்டை போடும் காலாட்படை டிவிஷன்கள் சிலவற்றை சுந்தர்ஜி மாற்றி அமைத்தார். இரண்டு காலாட்படை பிரிகேடோடு ஒரு மெக்கனைஸ்டு பிரிகேட். முதல் இரண்டும் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மூன்றாவது பாய்ந்து தாக்கும். ராபிட் (RAPID) என்று பெயர். அண்ணன் எதற்கும் குறுக்கே பேசவில்லை. "அப்படீங்களா சார்" என்பார். அவ்வப்போது எழுந்து கேட்டைத் திறந்துவிட்டு வந்து, "விட்ட இடத்துல இருந்து சொல்லுங்க" என்பார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த மாணவர்.

குடியரசு தினத்தன்று கொடியேற்ற எல்லோரும் கீழே இறங்கினோம். அண்ணன் இஸ்திரி போட்ட கோட்டில், மார்பில் பதக்க வரிசையோடு, தலையில் கறுப்பு பெரே தொப்பியோடு நின்றார். கறுப்பு பெரே யாருடையது என்று அவருக்கு நான்தான் ஒரு ராத்திரி பாடம் எடுத்திருந்தேன்.

"அண்ணே... நீங்க?"

"மெக் இன்ஃபன்ட்ரி சார். பி.எம்.பி. டிரைவர். ஹவில்தாரா வந்துட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நல்லா சொல்லிட்டு இருந்தீங்க சார். எனக்கும் நைட் டூட்டில தூக்கம் வராம இருந்துச்சு."

அன்று மாலை அவர் சொல்ல, நான் கேட்டேன். டிரைவருக்கு முன்னால் உலகம் பெரிஸ்கோப் கண்ணாடி அளவுதான். மகாஜன் பயிற்சிக்களத்தில் தூசி கிளம்பினால் அதுவும் கிடையாது, கமாண்டர் காதில் சொல்வதை நம்பி ஓட்ட வேண்டும். வண்டியை நடத்த மூன்று பேர். சவாரி வருவது ஏழு பேர். ஒருவர் டிரைவருக்குப் பின்னால், மற்ற ஆறு பேர் கடைசி அறையில் முதுகோடு முதுகு ஒட்டி, பக்கத்துக்கு மூன்றாக. இரண்டு வரிசைக்கும் நடுவில் இருப்பது டீசல் டேங்க். பின்கதவுக்குள்ளும் டீசல். ராஜஸ்தான் மே மாதத்தில் மூடியைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் துப்பாக்கியின் இரும்பைக் கையால் தொட முடியாது. ஒரு நாள் ஓட்டினால் மறுநாள் முழுக்க ஸ்பேனரும் கிரீஸும்தான். சங்கிலியில் ஒரு பின் தளர்ந்திருந்தாலும் வண்டி நடுவழியில் உட்கார்ந்துவிடும்.

"நீங்க வண்டியைப் பத்தி எல்லாம் சொன்னீங்க சார். இறங்குறதைப் பத்தி சொல்லவே இல்ல. பின்கதவைத் திறந்து ஆளுங்க எவ்வளவு சீக்கிரம் இறங்கி, வண்டிக்கு எந்தப் பக்கம் விரியறாங்கங்கறதுதான் எங்க வேலை. ஏறி உக்கார்றதுக்கா வண்டி?"

திருவிடந்தையில் அந்தச் சிப்பாய் பின்னாடி வந்து பாருங்க என்றது இதைக் காட்டத்தான். பீரங்கி, எடை, வேகம், தயாரித்த ஊர் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆட்கள் உட்காரும் இடத்தை எட்டிப் பார்க்கவில்லை. மாஸ்டருக்குக் கோடு போட்டுக் காட்டிய எந்தப் போரிலும் நான் ஒரு ஆளையும் வண்டியிலிருந்து இறக்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்து ஜெயித்திருக்கிறார்கள்.

அந்தச் சமயம் பார்த்துப் பெண்ணுக்குப் பள்ளியில் புராஜெக்ட் கொடுத்திருந்தார்கள்: நம் நாட்டுப் பாதுகாப்பு. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் ஏற்கெனவே மெக்கனைஸ்டு பிரிகேடை மரம்போல் வரைந்து வைத்திருந்தேன். 52 வண்டி, வண்டிக்கு ஏழு பேர், ஆக பட்டாலியனுக்கு இறங்குகிறவர்கள் 364 பேர் என்று பெருக்கியும் போட்டிருந்தேன். அவள் அதை அண்ணனிடம் எடுத்துக்கொண்டு போனாள். என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

"எல்லா வண்டியிலயும் ஏழு பேர் ஏற மாட்டாங்க பாப்பா. கமாண்ட் வண்டியில ரேடியோவும் மேப்பும் இருக்கும்" என்று 364-ஐ அடித்தார். பிறகு தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஒர்க்‌ஷாப் எங்க சார்?"

இல்லை.

"டீசல் லாரி?"

அதுவும் இல்லை. கால்வாய் வந்தால் டேங்க் தாண்டுவதற்குப் பாலம் போடும் எஞ்சினியர்கள் இல்லை. மேலே விமானம் வந்தால் சுட ஆள் இல்லை. பின்னால் இருந்து பீரங்கி அடிக்க ஆர்ட்டிலரி இல்லை. சிக்னல்காரர்கள் இல்லாததால் என் பிரிகேடியர் யாருடனும் பேச முடியாத நிலையில் இருந்தார். ஆம்புலன்ஸ் இல்லை. சமையல்காரர்கூட இல்லை. "இந்த பிரிகேட் காலையில கிளம்பினா மத்தியானம் டீசல் இல்லாம நிக்கும் சார். ராத்திரி பட்டினி" என்றார். கோபமெல்லாம் இல்லை, தகவலாகத்தான் சொன்னார்.

மரத்தில் இடம் போதாமல் இன்னொரு மாதத்தைக் கிழித்து ஒட்டினோம். அவர் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார், பெண் வண்ணம் அடித்தாள், நான் பசை தடவினேன். பசை நன்றாகத்தான் தடவினேன். மேலே பெரிதாகத் தலைப்பு எழுதும் பொறுப்பை மட்டும் விட்டுக்கொடுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

பத்துக்கு ஒன்பது வந்தது. ஒரு மார்க் குறைந்ததற்குக் காரணத்தை ஆசிரியை சிவப்பு மையில் வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். 'இயந்திரமயப் படைப்பிரிவு' என்பதில் இரண்டு இடத்திலும் 'ப்' விட்டுப்போயிருந்தது.